முழங்காலளவுக் கடல்

வேலைக்காக யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் வசிக்கும் என்னைப் பார்க்க, ஏழு மாதங்களுக்குப் பிறகு என் கணவர் திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். "தனியா எப்படிச் சமாளிக்கிற? பேசாம ஊருக்கே வந்துடு" என்று தொலைபேசியில் நாள்தோறும் சொன்னதையே நேரிலும் சொல்கிறார். மறுநாள் காலையில் அவரை மண்டைதீவுக் கரைக்கு அழைத்து வருகிறேன்.

படகுக்காரர் யோகராசா நீண்ட கோலை என் கையில் தருகிறார்.

"ஏறுங்கோ அண்ணை. இண்டைக்கு அக்காதான் ஓட்டுறா."

கணவர் படகின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்கிறார். சேற்றில் கோலை ஊன்றித் தள்ளுகிறேன். ஆழமற்ற கடலில் படகு வழுக்கிச் செல்கிறது. பாசிக்கு மேலே மீன்குஞ்சுகள் சிதறி ஓடுகின்றன.

"இதை எப்பக் கத்துக்கிட்ட?"

"ஞாயிற்றுக்கிழமைகள்ல."

சற்று நேரத்தில் கோலைத் தாமே கேட்டு வாங்குகிறார். ஊன்றியதைச் சேற்றிலிருந்து பிடுங்குவதற்குள் படகு முன்னே நகர்ந்துவிட, கோலைக் கட்டிப்பிடித்தபடியே நீரில் விழுகிறார்.

"பயப்பிடாதேங்கோ, முழங்கால் தண்ணிதான். அக்காவும் முதல்நாள் உப்பிடித்தான் விழுந்தவா!" என்று யோகராசா சிரிக்கிறார்.

சட்டையைப் பிழிந்தபடி அவரும் சிரிக்கிறார்.

"அடுத்த தடவை ஒரு மாசம் லீவு போட்டுட்டு வரேன். அதுவரைக்கும் நீ இங்கேயே இரு. இதை நான் கத்துக்காம விடமாட்டேன்."