ரிவர்ஸ் எடுக்காத சிவப்பிரகாசம்

ஆரணியில் கார் வாங்க நினைப்பவர் முதலில் வங்கிக்குப் போவதில்லை. பட்டு வியாபாரி சிவப்பிரகாசத்திடம் போவார். அவர் தலையாட்டிய பிறகுதான் முன்பணம். அவர் உதட்டைப் பிதுக்கிய வண்டி உலகமெங்கும் ஓடலாம், ஆரணிக்குள் ஓடாது.

அவருடைய சோதனை முறைகளை எந்த மோட்டார் நிபுணரும் கண்டுபிடித்ததில்லை. டிக்கியின் கொள்ளளவை லிட்டரில் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எத்தனை கட்டுச் சேலை போகும் என்று சொல்ல வேண்டும். வெளிச்சத்தம் உள்ளே வருகிறதா என்று பார்க்க, விசைத்தறி ஷெட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்காருவார். தறிச்சத்தம் காதில் விழுந்தால் வண்டி தோல்வி. நிறத்தில் மட்டும் எந்தக் கம்பெனியும் அவரிடம் இன்னும் தேறவில்லை.

"அரக்கு கிடையாது, மயில் கழுத்து கிடையாது. வெள்ளை, சாம்பல், மறுபடி வெள்ளை. இன்னாய்யா இது, காரா, ஆஸ்பத்திரி சுவரா?"

இப்படிப்பட்ட பெரியவரிடம் ஒரேயொரு சிறு குறை இருந்தது. அவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது.

அது அவர் குற்றமல்ல. துரைக்கண்ணு மாஸ்டர் என்பவரிடம் அவர் கார் ஓட்டக் கற்றார். மாஸ்டருடைய பழைய காரில் பின்கியர் உடைந்து வெகுகாலமாகியிருந்தது. பின்னால் போக வேண்டிய இடம் வந்தால் வண்டியை நியூட்ரலில் போட்டு, மாணவரே இறங்கி, ஒரு கையால் ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோள் கொடுத்துத் தள்ள வேண்டும். கட்டணத்தில் இது தனியாகச் சேராது. தேர்வு நாளில் எட்டுப் போடச் சொன்னார்கள்; எட்டு என்பது முன்னோக்கியே போட்டு முடிக்கக்கூடிய எண்.

பிறகு யாரிடமாவது கற்றிருக்கலாம். ஆனால் ஊருக்கே கார் தேர்ந்து கொடுப்பவர் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே சிவப்பிரகாசம் தம் வாழ்க்கையை ரிவர்ஸ் தேவைப்படாத விதத்தில் அமைத்துக்கொண்டார். நுழைந்தால் மறுபக்கம் வெளியே வரும் தெருக்களில் மட்டும் உறவு வைத்துக்கொண்டார். கடையைத் தாண்டிவிட்டால் ஊரையே சுற்றிவந்து மறுபடி பிடிப்பார். மனைவி பரிமளா கேட்டால், "வண்டி ஓடிகினே இருந்தாத்தான் பேட்டரிக்கு நல்லது" என்பார்.

பரிமளாவின் தம்பி சந்திரமோகனுக்குப் புதுக் கார் பார்ப்பதற்காக மூவரும் ஒருநாள் காலையில் வேலூருக்குக் கிளம்பினார்கள். சந்திரமோகன் வேலூரில் வேலை பார்த்தபோது அங்கேயே கார் ஓட்டக் கற்றவன் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும், அவனே சொல்லியிருந்தான். சிவப்பிரகாசத்துக்கு உலகத்தில் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது அவனிடம்தான். ரிவர்ஸ் விஷயம் மச்சான் காதுக்குப் போனால் மாமியார் வீட்டில் இனி எந்தத் தீபாவளிக்கும் தலைநிமிர்ந்து பலகாரம் சாப்பிட முடியாது.

அன்றைக்கென்று பெரிய தெருவில் கால்வாய்க்காகத் தோண்டிப்போட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் நெசவாளர் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். வளைவைத் தாண்டிப் பாதித் தெரு போனதும் பிரேக்கை அழுத்தினார்.

எதிரே நடுத்தெருவில் பாவு. சேலையின் நெடுக்கு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் மாம்பழ மஞ்சள் பட்டு தகதகத்தது. இடப்பக்கம் சைக்கிள் போகலாம். கார் போகாது.

பாவுக்குச் சொந்தக்காரர் தனக்கோடி கையில் கஞ்சி சொட்டச் சொட்ட வந்தார்.

"அண்ணா, இப்பதான் கஞ்சி போட்டோம். காயிற வரைக்கும் கை வைக்க முடியாது. அப்படியே பின்னால எடுத்துக்குங்க."

சிவப்பிரகாசம் இன்ஜினை அணைத்தார். முகத்தில் ஒரு விஞ்ஞானியின் அமைதி.

"சூடா இருக்கிற வண்டிய உடனே பின்னால எடுக்கக் கூடாது. கியர்பாக்ஸ் போயிடும். கொஞ்சம் ஆறட்டும்."

"வீட்ட விட்டு வந்தே பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள இன்னா சூடு?" என்றாள் பரிமளா.

"இல்லக்கா, மாமா சொல்றது கரெக்ட்டு" என்றான் பின்சீட்டிலிருந்த சந்திரமோகன், அவசர அவசரமாக. "நானும் கேள்விப்பட்டிருக்கேன்."

இப்படியொரு விதி எந்த நாட்டிலும் இல்லை என்பது அதை அந்த நொடியில் உண்டாக்கிய சிவப்பிரகாசத்துக்குத் தெரியும். மச்சான் ஏன் ஒத்துக்கொண்டான் என்பது மட்டும் விளங்கவில்லை.

கொஞ்ச நேரம் மூவரும் பாவைப் பார்த்தார்கள். பாவு காய்வதாக இல்லை.

"பேஜாராப் போச்சு" என்றாள் பரிமளா. "டேய், உங்க மாமாவுக்கு மனசு வரல. நீதான் வேலூர்ல கத்துக்கினவன் ஆச்சே, ஜல்தியா எடுத்து உடு."

சிவப்பிரகாசம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். அவன் எடுத்துவிட்டால் தீர்ந்தது. கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாதது வெளியே வரும், கூடவே தமக்கு ரிவர்ஸ் வராததும் வந்துவிடும்.

சந்திரமோகன் இறங்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். பிறகு, மாத்திரையை விழுங்குகிறவனைப் போலச் சொன்னான்:

"எனக்கு ரிவர்ஸ் வராதுக்கா. வேலூர்ல கத்துக்கினேன்னு சொன்னது சும்மா. இங்க துரைக்கண்ணு மாஸ்டர்கிட்டதான் போனேன்."

சிவப்பிரகாசம் மெல்லத் திரும்பி மச்சானைப் பார்த்தார். கோயிலில் தொலைந்த செருப்பை வேறு வாசலில் கண்டவரின் முகம் அது.

"தள்ளச் சொன்னாரா?"

"தோள்ல காய்ச்சிப் போச்சு மாமா."

"எனக்கும்" என்றார் சிவப்பிரகாசம். இத்தனை வருஷமாக எந்தக் காரிலும் அவருக்குக் கிடைக்காத சொகுசு அந்த ஒரு வார்த்தையில் கிடைத்தது.

பரிமளா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யய்யோ! இந்த ரெண்டு பேரை நம்பி நான் கார்ல மலையெல்லாம் ஏறி இறங்கிகினு இருந்தேனே!"

அதற்குள் இருவரும் இறங்கிவிட்டார்கள். நியூட்ரல் போட்டாயிற்று. சிவப்பிரகாசத்தின் கை தானாகவே ஜன்னலுக்குள் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தது. சந்திரமோகனின் தோள் முன்பக்கம் சரியான இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தனக்கோடி கஞ்சிக் கையை வேட்டியில் துடைத்தபடி உற்றுப் பார்த்தார்.

"அண்ணா, நீங்களும் மாஸ்டர் செட்டா? ஜன்னல்ல கைய விட்ட தினுசைப் பாத்ததுமே தெரிஞ்சிது. நானும்தான்!"

அவரும் தோள் கொடுத்தார். பாவு பிரித்துக்கொண்டிருந்தவர்களில் இன்னும் இருவர், யாரும் கூப்பிடாமலே, கொஞ்சம் வெட்கத்தோடு வந்து சேர்ந்துகொண்டார்கள். வண்டி வளைவில் கோடு போட்டாற்போலத் திரும்பி, ஒரு சுவரையும் தொடாமல் தெருமுனைக்கு வந்தது. ரிவர்ஸ் தெரிந்தவர்கள்கூட அத்தனை சுத்தமாக எடுத்திருக்க மாட்டார்கள்.

வேலூர் போகும் வழியெல்லாம் காருக்குள் சிரிப்புதான். "உங்களுக்கே வராதுன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா நான் எத்தினி வருஷம் நிம்மதியா தூங்கியிருப்பேன் மாமா" என்று சந்திரமோகன் பொருமினான்.

ஷோரூமில் கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஓடிவந்து, மைலேஜ், காற்றுப்பை, தொடுதிரை என்று ஆரம்பித்தார். சிவப்பிரகாசம் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. வண்டிய நியூட்ரல்ல போடுங்க."

இளைஞர் விழித்தார். ஆனாலும் போட்டார். மாமாவும் மச்சானும் சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையாக ஒவ்வொரு வண்டியையும் தள்ளிப் பார்த்தார்கள். மூன்றாவது வண்டி தோள் பட்டதுமே சுலபமாக நகர்ந்தது. சிவப்பிரகாசம் தலையாட்டினார்.

"இத எடு மச்சான். தெருவுல தள்ளுறவன் நம்மள வாழ்த்துவான்."