டிராக்டருக்கு ஊற்றிய எண்ணெய்

கலும்பாங்கில் சிவானந்தத்தின் காரை எந்த வொர்க்‌ஷாப்காரனும் தொட்டதில்லை. தொட விட்டால்தானே. முப்பது வருஷம் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். ஓட்டியதைவிடப் பழுது பார்த்ததுதான் அதிகம். அவருடைய கன்சில் என்கிற சின்னக் காருக்கு இருபத்து நான்கு வயது. பிளக், பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் அவர் கையாலேயே மாற்றியது. மகள் தனுஜா வேலைக்குச் சேர்ந்து புதுக்கார் கேட்டபோது, அப்பா இருக்கும்போது புதுசு எதற்கு என்று அதே வயதில் இன்னொரு கன்சிலை வாங்கிக் கொடுத்தார். வாசலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தால், காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். மலைக்கு அந்தப் பக்கம், ரவூப்பில் தனுஜாவின் தோழிக்குக் கல்யாணம் வந்தது. மலை ரோடு முழுக்க இந்த மனுஷன் தரையை மிதிப்பதைப் பார்க்கத் தெம்பில்லை என்று மனைவி நவமணி சொல்லிவிட்டாள். தாயும் மகளும் மட்டும் போய், ஒரு ராத்திரி தங்கி வருவதென்று முடிவானது.

புறப்படுவதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை மாலை, வழக்கம்போல இரண்டு காரையும் திறந்து பார்த்தார். இரண்டிலும் பிரேக் எண்ணெய் ஒரு விரல்கடை குறைந்திருந்தது. வீட்டில் இருந்த டப்பா காலி. கடைக்குப் போனால் அடைத்துக் கிடந்தது. அங்கேதான் முப்பது வருஷ அனுபவம் குறுக்கே வந்து நின்றது. அவர் ஓட்டிய டிராக்டரில் பளு தூக்குவதற்கும் பிரேக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அதில் அரைப் போத்தல் வீட்டில் மிச்சம் இருந்தது. நாலு டன் பழக்குலையை மேட்டில் நிறுத்திய எண்ணெய், இந்தச் சுண்டைக்காய்க் காரை நிறுத்தாதா என்று இரண்டிலும் ஊற்றினார். மீதியை ஒரு ரோஸ் சிரப் போத்தலில் அடைத்து மகள் காரில் வைத்தார். குறைந்தால் ஊற்றிக்கொள் என்றும் சொல்லிவைத்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர்கள் கிளம்பிப் போனார்கள். ஞாயிறு மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிவானந்தத்தின் கார் முனகியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார், அடுப்பாகச் சுட்டது. காலை எடுத்த பிறகும் பிரேக் சக்கரத்தை விடவில்லை. துருவாக இருக்கும் என்று நினைத்தபடி பொனட்டைத் தூக்கி, பிரேக் எண்ணெய் டப்பியின் மூடியைத் திருகினார்.

மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் இருக்கும். அது ஊறின வடையாக உப்பிக் கிடந்தது. துடைத்துத் திரும்ப வைத்தார். உட்காரவில்லை. அமுக்கினார், திருப்பிப் போட்டு அமுக்கினார். வெள்ளிக்கிழமை ஒழுங்காக உட்கார்ந்த ரப்பர், இரண்டே நாளில் மூடியைவிடப் பெரிதாகியிருந்தது.

மேலே இருக்கிற ரப்பருக்கே இந்தக் கதி என்றால், உள்ளே பிரேக்கைப் பிடித்து விடுகிற ரப்பர்கள் என்ன ஆகியிருக்கும்? டிராக்டர் ரப்பர் தாங்குகிற எண்ணெயைக் கார் ரப்பர் தாங்காது. எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று மூடி மேலேயே எழுதியிருக்கிறது. எத்தனையோ தடவை துடைத்திருக்கிறார், ஒரு நாளும் வாசித்ததில்லை.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஊற்றியது ஒரு காருக்கு இல்லையே. நவமணியும் தனுஜாவும் இந்நேரம் மலையிறங்கிக்கொண்டிருப்பார்கள். வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அணைக்கட்டைத் தாண்டி அம்பாங் பெச்சா வந்தால்தான் சமதரை.

போன் போட்டார். போகவில்லை. மலையில் லைன் கிடைக்காதென்று தெரிந்தும் மகளுக்கு ஒரு தடவை, மனைவிக்கு ஒரு தடவை என்று போட்டுக்கொண்டே இருந்தார். நாமே போய்விடலாம் என்று சாவியை எடுத்தவர், இதிலும் அதே எண்ணெய்தான் என்று நினைவு வந்து அப்படியே நின்றார். பெற்ற பிள்ளைக்கு நானே குழி வெட்டிவிட்டேனே என்று வாய்விட்டுச் சொன்னார். அவருடைய வலது கால் சிமெண்டுத் தரையை மிதித்தபடி இருந்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்துப் போன் அடித்தது. தனுஜாதான்.

"பயப்படாதீங்கப்பா, ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்கோம் லா. பிரேக்கு பிடிச்சிக்கிட்டே வந்துச்சு, டயர் பக்கம் புகை. அணைக்கட்டுக்கு மேல, லைன் கிடைக்கிற இடத்துல ஓரமா நிறுத்திட்டேன்."

சிவானந்தத்துக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு பாதியில் நின்றது, ஏனென்றால் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு லோரிக்காரர் நின்னு, வொர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணவான்னு கேட்டாரு. எங்கப்பாவுக்குத் தெரியாத வேலையான்னு அனுப்பிட்டேன். நீங்க குடுத்த எண்ணெய இப்பத்தான் அம்மா ஊத்தப் போறாங்க. ஊத்திட்டு மெதுவா இறங்கிடறோம்."

"ஊத்தக் கூடாது." அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "சாவிய எடு. சக்கரத்துக்குக் கல்லு வை. காடி ஒரு அடி நகரக் கூடாது."

"ஏம்பா?"

முப்பது வருஷத்தில் ஒருவரிடமும் சொல்லிப் பழகாத வார்த்தையை அவர் சொன்னார்.

"நான் ஊத்தினது தப்பான எண்ணெய்ம்மா. என்னாலதான் இது."

போத்தலைக் கீழே வைக்கும்படி மகள் தாயிடம் சொல்வது கேட்டது. ஏன் என்று நவமணி கேட்டதும் கேட்டது. அதற்குத் தனுஜா, சக்கரத்துக்கு ஒரு கல் எடுத்து வரச் சொன்னாள்.

"வொர்க்‌ஷாப்புக்குப் போன் பண்ணும்மா," என்றார் சிவானந்தம். "அப்படியே இங்க என் காடிக்கும் ஒரு ஆள அனுப்பச் சொல்லு."