டிவியில் பார்த்த தம்பி

எனக்கு ஒரே தம்பி. டிவிக்காரர்களுக்கு அவன் இரண்டு பேர். ஒருவன் ரௌடி, இன்னொருவன் மகான். இருவரையும் எனக்குப் பழக்கமில்லை. எங்கள் வீட்டுக்கு வருகிறவன் காலை பத்து மணி வரை தூங்குவான், வறுத்த மீனின் முறுகிய வாலை என் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பான், போன் அடித்தால் எடுக்க மாட்டான். கபடி ஆடிச் சம்பாதிக்கிறான். அணிக்காரர்கள் அவனை ஏலத்தில் எடுக்கிறார்கள். வருடத்தில் பாதி நாள் எந்த ஊர் ஹோட்டலிலோ கிடக்கிறான். கார்னரில் நின்று, ஏறி வருகிறவனின் கணுக்காலைப் பிடிப்பதுதான் அவன் வேலை. அதை நன்றாகச் செய்வான். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அப்போது என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ரௌடி பிறந்தது ஒரு மஞ்சள் அட்டையால். ஓர் ஆட்டத்தில் எதிரணி ஆளின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டான். நடுவர் அட்டை காட்டி இரண்டு நிமிடம் வெளியே உட்கார வைத்தார். தள்ளியது தள்ளியதுதான், அவனுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தோடு முடிந்த தண்டனையை டிவிக்காரர்கள் இரண்டு மாதம் ஓட்டினார்கள். மெதுவாக ஓட்டினார்கள், பின்னால் முரசு அடித்து ஓட்டினார்கள். தாடையை இறுக்கிக்கொண்டு அவன் வெளியே உட்கார்ந்திருந்ததைக் கிட்டத்தில் காட்டி, கீழே ‘எரிமலை’ என்று எழுதினார்கள்.

அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் நைனா செத்தபோது அவனுக்குப் பத்து வயது. தாடையை அப்படியே இறுக்கிக்கொண்டு கொள்ளிச் சட்டியோடு நடந்தான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. “கல்லு மனசுடா இவனுக்கு” என்று அன்றைக்கும் நாலு பேர் சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் வலைக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வாந்தி எடுக்கும் வரை அழுதான். அதைப் பார்த்தது நானும் அம்மாவும்தான்.

கோபக்காரன் என்று பெயர் வந்துவிட்டதால் அணிக்காரர்களுக்குச் சங்கடம். அவனுடைய இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறோம் என்று ஒரு டிவி வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. அவனுக்கும் நாலு நாள் லீவு கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வண்டியிலிருந்து இறங்கிய பெண் எங்கள் வீட்டைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டாள். காங்கிரீட் வீடு, உள்ளே டைல்ஸ், ஃப்ரிட்ஜ்.

“அக்கா, நீங்க முன்னாடி இருந்த பழைய வீடு எதுனா இருக்கா?”

“அத இடிச்சிட்டுத்தான் இத கட்டினோம்.”

கடைசியில் பக்கத்து வீட்டார் வலை போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகையில் அம்மாவை உட்கார வைத்தார்கள். கஷ்டப்பட்ட நாட்களை நினைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண். அம்மாவும் நினைத்துப் பார்த்தாள்போல. அழுகை வரவில்லை. “இன்னாத்துக்குமா அழுவணும்? புள்ள நல்லாத்தான சம்பாரிக்கிறான்” என்றாள். அந்தப் பெண் விடாமல் மூன்று தடவை கேட்டாள். “ஒனக்கு வந்தா நீ அழுவு கண்ணு, நான் வேணாங்கல” என்று அம்மா எழுந்து போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த நான்தான் அடுத்த ஒரு மணி நேரத்தில் வினையை விலைக்கு வாங்கினேன்.

அம்மா கைவிட்டதும் அவர்களுக்கு ஏரி வேண்டும் என்றாகிவிட்டது. தம்பி தண்ணீரில் இறங்கி வலை வீசவேண்டும். அவனுக்குப் படகில் ஏறினாலே தலை சுற்றும், வலையைத் தூக்கினதுகூடக் கிடையாது. இதையும் நான் சொன்னேன். “பரவால்லக்கா, ரெண்டு தடவ வீசினா போதும்” என்றாள்.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் இறங்கிவிட முடியாது. இறால் ஓடும் இடங்களை ஊரார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று ஒரு குழு, நாளை இன்னொரு குழு. யாருக்கெல்லாம் பாடு உண்டு என்பது ஊர் நோட்டில் எழுதியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிட்டுச் சீட்டுப் போட்டு முறை பிரிப்பார்கள். அடுத்தவர் முறையன்று அங்கே வலையை நனைத்தால், அவர்கள் சோற்றுப் பானையில் கை விட்டதாகத்தான் கணக்கு. நைனாவின் பாடு தம்பி பெயரில் இருக்கிறது. அவன் ஆட்டத்துக்குப் போவதால் என் வீட்டுக்காரர் அவனுக்குப் பதிலாள். அவர் அன்றைக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

நான் இறால் வாங்கி விற்கிறவள். எந்த நாள் யார் முறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எங்கள் முறை இல்லை. எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவருடைய குழுவின் முறை. பொழுது சாயும்போது வலை கட்டுவதற்காக அவர்கள் கம்பு நட்டு, அடையாளத்துக்கு நீலத் துணி கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரையெல்லாம் பிளாஸ்டிக் குப்பை. அந்தக் கம்புகள் நின்ற இடம் பார்க்க அழகு. ஊர் பேர் டிவியில் வரப்போகிறது, நன்றாக வரட்டுமே என்று ஆசை. “அங்க போங்க, வெளிச்சம் நல்லா வுழும்” என்று கையை நீட்டினேன்.

தம்பி நின்றான். “இன்னிக்கு யாரு மொறைக்கா அது?”

“நம்ம இன்னா மீனா புடிக்கப் போறோம்? படந்தான புடிக்கிறாங்க. எறங்குடா.”

இறங்கினான். முதல் இரண்டு வீச்சும் சுருண்டு விழுந்தன. மூன்றாவது எப்படியோ விரிந்தது, கை நிறைய இறாலும் வந்தது. அந்தப் பெண் கை தட்டினாள். அவன் வலையைத் தூக்கிக் காட்டினான், படம் பிடித்தார்கள், “போதும் சார், சூப்பர்” என்று கேமராவை அணைத்தார்கள். அதன் பிறகுதான் அவன் குனிந்து, வலையில் சிக்கிய இறாலை ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் விட்டான். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. அதை எவரும் படம் பிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து நிகழ்ச்சி வந்தது. ‘புகழ் வந்தும் ஏரியை மறக்காத மீனவன் மகன்’ என்று சொன்னார்கள். ஊர் உலகமெல்லாம் அவனை மெச்சியது. எங்கள் ஊர் மட்டும் நீலத் துணியைப் பார்த்தது.

படம் பிடித்த அன்று சித்தப்பாவின் குழுவுக்குச் சரியாக இறால் படவில்லையாம். கம்பு நட்ட இடம் சரியில்லை என்று தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு, இரண்டு பேர் பேச்சுவார்த்தைகூட இல்லாமல் இருந்திருக்கிறார்கள். இப்போது காரணம் டிவியிலேயே தெரிந்துவிட்டது. “டிவில வந்துட்டா ஏரி இன்னா அவன் அப்பன் வூட்டுதா?” என்று மார்க்கெட்டில் என் காதில் விழவே பேசினார்கள். ஊர்க்கூட்டம் வைத்து அவனை வரச் சொன்னார்கள்.

வருவான் என்று நான் நினைக்கவில்லை. முட்டியில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கினான். அந்த முட்டிதான் விஷயம். இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். “அப்புறம் இங்கதான்க்கா வரணும். தல சுத்துனா சுத்தட்டும், நைனா பாடு இருக்குதுல்ல” என்று ஒருநாள் சொல்லியிருந்தான். நோட்டில் பெயர் இல்லாதவன் எங்கள் ஊரில் விருந்தாளிதான்.

கூட்டத்தில் பெண்கள் பேசுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. தள்ளி நின்று கேட்கலாம், அவ்வளவுதான். அந்த வழக்கத்தை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது.

“யாருனா சொல்லி எறங்குனியா?” என்று சித்தப்பா கேட்டார்.

“இல்ல. நான்தான் எறங்குனேன். மொற இல்லன்னு தெரியும். தப்புதான்” என்று கை கூப்பினான். நான் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. தாடை இறுகியிருந்தது. “மன்னிப்பு கேக்கும்போது கூட இன்னா திமிர் பாரு” என்று என் பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அவன் பெயரை நோட்டில் கோடு போட்டு அடித்தார்கள். அடுத்த சீட்டு போடும்போது சேர்ப்பதா வேண்டாமா என்று அப்போது பார்த்துக்கொள்வதாக முடிவானது.

வீட்டில் அவனுக்குச் சோறு போட்டேன். குழம்பில் உப்பில்லை என்றான். சார்ஜர் எங்கே என்று கேட்டான். பஸ் ஏறிப் போய்விட்டான். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

சில மாதம் கழித்து அதே டிவிப் பெண் வந்தாள். புது சீசனுக்கு இந்தத் தடவை என் பேட்டி. “உங்க தம்பியோட கேரக்டர் பத்தி ஒரு சம்பவம் சொல்லுங்கக்கா.” நான் இதற்காகவே காத்திருந்தேன். முகத்துக்கு நேரே இரண்டு விளக்கு, சத்தம் வருகிறது என்று ஃபேனையும் அணைத்துவிட்டார்கள். வேர்த்து ஊற்ற ஊற்ற எல்லாவற்றையும் சொன்னேன். இடத்தைக் காட்டியது நான், அவன் தயங்கினான், நான்தான் இறங்கு என்றேன், கூட்டத்தில் என்னைக் காட்டிக் கொடுக்காமல் தன் தலையில் போட்டுக்கொண்டான். டிவியில் வந்தால் ஊரே பார்க்கும், நான் யார் முன்னாலும் போய் நிற்கவேண்டாம் என்பது என் கணக்கு. கோழைக்கு இதைவிடத் தோதான வழி கிடைக்காது.

நிகழ்ச்சி வந்த சாயந்திரம் வீடு கொள்ளாத கூட்டம். சித்தப்பாவையும் நானே போய்க் கூப்பிட்டு வந்து உட்கார வைத்து டீ கொடுத்தேன். என் முகம் வந்தது. வாய் அசைந்தது, குரல் வரவில்லை, வீணை வாசித்தார்கள். நான் முந்தானையால் வேர்வையைத் துடைத்ததை மெதுவாக ஓட்டி, ‘தம்பியின் வறுமை நாட்களை எண்ணிக் கண் கலங்கும் அக்கா’ என்றார்கள். நாலு நொடி. அவ்வளவுதான் நான்.

வீடே சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில் டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றேன். “வேர்வ அது. நான் சொன்னது வேற” என்று ஆரம்பித்து, விளக்குக்கு முன்னால் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னேன். என் வீட்டுக்காரர் வாய் பிளந்து பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “இதெல்லாம் டிவில வந்திருந்தா, இப்ப எங்க மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பியாம்மா?”

“மாட்டேன்.”

அவர் டம்ளரை மறுபடி எடுத்தார். மிச்ச டீயைக் குடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பத்து நாள் மார்க்கெட்டில் என் முகத்துக்கு நேராக யாரும் பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

சீட்டு போடும் நாள் காலையில் நான் வழக்கம்போலத் தள்ளி நின்றேன். நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். தம்பி பெயர் வரவில்லை. நோட்டை மூடப்போனார்கள். சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே, “அடிச்ச பேரு ஒண்ணு கீது பாரு, அதையும் கூப்புடு” என்றார். கூப்பிட்டார்கள். தம்பிக்குப் பதிலாக என் வீட்டுக்காரர், “இருக்குது” என்று குரல் கொடுத்தார்.

தம்பிக்கு எங்கோ வடக்கே அன்று சாயந்திரம் ஆட்டம். போன் எடுக்கமாட்டான் என்று குரல் பதிவு அனுப்பினேன். “ஒம் பேர சேத்துட்டாங்கடா. நான்தான் எறங்கச் சொன்னேன்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன்.” வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது. “ஒன்ன யாரு சொல்லச் சொன்னது?” அவ்வளவுதான். வேறு ஒன்றும் இல்லை.

சாயந்திரம் அம்மாவும் நானும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். வீரர்கள் வரிசையாக நின்றார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக நகர்ந்து, அவன் முகத்தில் நின்றது. வர்ணனைக்காரருக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. “பாருங்க நேயர்களே, ஆட்டம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள அந்தத் தாடைய பாருங்க! எவ்ளோ கோபம்! எரிமலை இன்னிக்கு வெடிக்கப் போகுது!”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“ஃபேன போடுடி, வேர்க்குது” என்றாள்.

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.