வெட்டுக்கிளியின் வயிற்று நிறம்

எங்கள் வம்சத்தில் மீனை வாயில் வைத்தவர்கள் கிடையாது. ஆனால் என் மன்னி பாகீரதிக்குச் சம்பளம் தந்ததெல்லாம் மீனின் வாய்தான். கஸ்பாவில் ஒரு பட்டறை. தூண்டில் முள்ளில் நூலும் இறகும் ஃபோமும் வைத்துப் பொய்ப்பூச்சி கட்டி அமெரிக்காவுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆற்றில் இறங்கி நின்று மீன் பிடிப்பது பொழுதுபோக்காம். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்களாம். அதைக் கேட்டபிறகுதான் எங்கள் அம்மா மன்னியை அந்த வேலைக்கு அனுப்பினாள்.

மன்னிக்கு நிறம் பார்க்கும் மேஜை. வெட்டுக்கிளி என்றால் பச்சை, இதில் என்ன ஆராய்ச்சி என்று நானே கேட்டிருக்கிறேன். பச்சை முதுகு நம் கண்ணுக்குத்தான், மீன் அடியிலிருந்து பார்க்கிறது, அதற்கு வயிறுதான் தெரியும் என்பாள். அந்த வயிறு வெளிர்மஞ்சளா, பிஸ்கட் நிறமா, காய்ந்த புல் நிறமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய லேக் கார்டன்ஸ் வீட்டில் ஒரு கூத்து நடக்கும். கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் பூச்சிகளை மிதக்கவிட்டு, மன்னி ஜன்னலோரம் தரையில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். என் அண்ணா சுந்தரேசன் கிண்ணத்தை அவளுக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்பான். நான் ஆறு, உன் மன்னி மீன் என்று என்னிடம் சிரிப்பான். பிற்பாடு அவனுக்குக் கை நடுங்கும் வியாதி வந்து, வேஷ்டியெல்லாம் தண்ணீராகும். அப்போதும் கிண்ணத்தை வேறு யாரிடமும் கொடுக்கமாட்டான்.

போன ஆடியில் அண்ணா போய்விட்டான். மன்னி அழவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப்பிறந்த நான் தொண்டை கட்டுகிற மாதிரி அழுகிறேன், இவள் துக்கம் கேட்க வந்தவர்களிடம் காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று மாமி ஒருத்தி முணுமுணுத்தாள். நானும் மறுத்துப் பேசவில்லை. காரியங்கள் முடிந்ததும் மன்னி பழையபடி டிபன் டப்பாவோடு வேலைக்குக் கிளம்பினாள்.

துர்கா பூஜைக்கு முன்னால் பட்டறையின் வங்காளி முதலாளி தத்தா பாபு வீட்டுக்கே வந்தார். சால்ட் லேக்கில் என் வீட்டிலிருந்து நானும் அன்று வந்திருந்தேன். புது வெட்டுக்கிளிக்கு நாலு விதமாக வயிறு கட்டி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். எந்த நிறம் என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். பௌதி, அவர் பாஷையில் மன்னி, தினமும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், கடைசியில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள் என்றார். பாவம், நல்ல மனிதர். அவளை அனுப்ப மனசில்லை, ஆனால் திங்கட்கிழமைக்கு மேல் அந்த மேஜைக்கு வேறு ஆளைப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மன்னி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகாத நேரமெல்லாம் அவள் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயமாக இருந்தது.

"இதையும் விட்டுட்டு என்ன பண்ணப்போறேள் மன்னி?" என்று கத்தினேன்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "நாலும் ஒண்ணாத்தான் இருக்கு மாதவி. சாதம், ரசம், நீ கத்தறது, எல்லாமே ஒண்ணாத்தான் இருக்கு."

வந்த ஆத்திரத்தில் பரணிலிருந்து அந்தக் கிண்ணத்தை இறக்கினேன். தண்ணீர் பிடித்து நாலு வெட்டுக்கிளியையும் போட்டேன். படுங்கோ என்றேன். மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி, சொன்னபடி படுத்துக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி நின்றேன். ஒரு சொட்டு தளும்பவில்லை. தெரியவில்லை என்றாள். வெளிச்சத்துக்காக ஜன்னலை இன்னும் திறந்தேன். அதற்கும் தெரியவில்லை என்றாள். எனக்குத் தோள் இற்றுப்போயிற்று. உங்களோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது என்று கிண்ணத்தை இறக்கப்போனேன்.

"நீ ஆடாம பிடிக்கறே," என்றாள். "உங்கண்ணா பிடிச்சா தண்ணி ஆடும்."

 கையை ஆட்டிப்பார்த்தேன். வேண்டுமென்று ஆட்டினால் அண்ணாவின் நடுக்கம் வருமா? ஒன்று ஆட்டம் அதிகமாயிற்று, இல்லாவிட்டால் நின்றே போயிற்று. பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆட்ட வேண்டியிருக்கவில்லை, கை தானாகவே நடுங்கியது. வெட்டுக்கிளிகளின் ரப்பர் கால்கள் தண்ணீரில் உதைத்துக்கொண்டன. மன்னியின் நெற்றியிலும் கன்னத்திலும் தண்ணீர் சிந்தியது. அவள் துடைக்கவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காஞ்ச புல் நெறம்," என்றாள் கடைசியில். "தத்தா பாபுகிட்ட சொல்லிடு."

அப்பாடா என்று கிண்ணத்தை இறக்கப்போனேன். அவள் கை வந்து என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டது.

"எறக்காதே மாதவி. இன்னும் கொஞ்ச நாழி அப்படியே ஆட்டிண்டிரு."