இப்ராஹீம் பாயின் விடுபட்ட சுன்னத்

போன் வந்தபோது கடையில் ஒரு பழைய இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடிகளைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்திலிருந்து ஜப்பார் பேசினார். "சலீம் பாய், டைம் கீப்பர் மௌத்தாயிட்டாரு. பஸ் ஸ்டாண்டுலயே, நாற்காலியில உக்காந்தபடியே. திண்டிவனத்துக்குத்தான் எடுத்துக்கினு வர்றோம். நீங்கதான் குளிப்பாட்டணும்னு தங்கச்சி சொல்லுது" என்றார். இன்னா லில்லாஹி என்று வாய் சொன்னது. கை ஊற்றிக்கொண்டே இருந்தது. மேசையெல்லாம் வழிந்த பிறகுதான் நிறுத்தினேன்.

தங்கையை இப்ராஹீம் பாய்க்குக் கட்டிக்கொடுத்து இத்தனை வருஷமாகியும் ஜப்பார் அவரை 'மச்சான்' என்று சொன்னதே கிடையாது. சாவுச் செய்தியில்கூட டைம் கீப்பர்தான். அந்தக் கோபத்தோடுதான் ஷட்டரை இழுத்தேன். அடக்கம் முடிந்து சில நாள் ஆகிவிட்டது. இன்னும் கடையில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

இப்ராஹீம் பாயைத் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். அவர் பிறந்தது முகையூர்ப் பக்கம், கூலி வேலை செய்யும் குடும்பத்தில். அப்பா அம்மா வைத்த பெயர் ஏழுமலை. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்திருக்கிறது. மல்லாட்டை, நிலக்கடலைதான், பிடுங்குகிற காலம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இருதயத்தைக் கெடுத்துவிட்டுப் போனது. வாலிபத்தில் சென்னையில் ஆபரேஷன் செய்து இரும்பு வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருந்தார். திண்டிவனத்தில் குடியிருந்து தினமும் போய் வருவார். அந்த வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் டிக், டிக் என்று நமக்கே கேட்கும். "டைம் கீப்பருக்கு வாச்சு எதுக்கு, நெஞ்சுலயே மாட்டிக்கினு இருக்காரே" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். பஸ் ஒரு நிமிஷம் பிந்தினால் மட்டும் சிரிக்க மாட்டார்.

நாற்பதை நெருங்கும் வயதில் எங்கள் பள்ளிவாசலுக்கு வந்து, இமாமாக இருந்த ஹஜ்ரத் முன்னால் கலிமா சொல்லி இஸ்லாத்தில் சேர்ந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான் சொல்வார். "எங்க ஊர்ல எங்க பொணம் போறதுக்குத் தெரு வழி விடமாட்டாங்க. இங்க ஒரே வரிசையில தோளோட தோள் ஒட்டிக்கினு நிக்கிறீங்க. பாத்தேன், வந்துட்டேன்."

கலிமா சொன்னவருக்கு டீ கொடுத்தோம். டீ ஆறுவதற்குள் ஒருவர் அவர் காதோரம் குனிந்து, "சுன்னத்து எப்ப பாய்?" என்று கேட்டுவிட்டார். தொழுகை தெரியுமா என்று கேட்கவில்லை, சாப்பிட்டீர்களா என்றும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அவர் பதறவில்லை. நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "டாக்டர் கத்தி படக்கூடாதுன்னு சொல்லிக்கிறாரு. எம் பேரு என்ன வெச்சிருக்கீங்க? இப்ராஹீம். அந்த நபி எண்பது வயசுலதான் பண்ணிக்கிட்டார்னு ஹஜ்ரத் இப்பதான் சொன்னாரு. எனக்கு இன்னும் டைம் இருக்குங்க" என்றார். ஹஜ்ரத் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம்.

சிரிப்பு அன்றோடு சரி. கேள்வி நிற்கவில்லை. அவரிடம் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் என்னிடம் கேட்டார்கள். பேட்டரி வாங்க வந்தவர்கூடக் கேட்டார். இந்த விஷயத்தை நான் இலேசாக நினைப்பவன் இல்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை போட்டு, பிரியாணி போட்டுச் செய்தவன்தான். நாளைக்குப் பேரன் பிறந்தாலும் செய்வேன். ஆனால் ஒரு மனிதரின் ஈமானை, இறைநம்பிக்கையை, வேட்டிக்குள் தேடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது.

பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. பெண், ஜப்பாரின் தங்கை நூர்ஜஹான். கணவரை இழந்தவர். அவருக்கு இப்ராஹீம் பாயைப் பிடித்துவிட்டது. ஜப்பாரின் குடும்பம் கடலோரத்திலிருந்து விழுப்புரத்துக்கு வந்து ஃபேன்சி ஸ்டோர் வைத்தவர்கள், ஷாபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். திண்டிவனத்தில் நாங்கள் ஹனபி. மார்க்கச் சட்டத்தில் இரண்டும் வேறு வேறு வழி. ஜப்பார் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். "எங்க மத்ஹபுல இது கடமை. சுன்னத்துங்கிற மார்க்கக் கல்யாணம் ஆகாதவருக்கு எந் தங்கச்சிய எப்படிக் குடுக்கிறது? மொதல்ல அத முடிச்சிக்கினு வரச் சொல்லுங்க."

இப்ராஹீம் பாய் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்தார் தெரியுமா? மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை சாப்பிட்டால்தானே ரத்தம் நிற்காது, கொஞ்ச நாள் விட்டுவிட்டால் ரத்தம் கெட்டிப்பட்டுவிடும், சத்தமில்லாமல் செய்துகொண்டு வந்துவிடலாம் என்று அவராகக் கணக்குப் போட்டிருக்கிறார். ரத்தம் கெட்டிப்பட்டால் முதலில் அடைத்துக்கொள்வது அந்த வால்வுதான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலடியிலேயே கிடந்தது. எடுக்க வலது கை வரவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் கட்டி போய்ச் சிக்கியிருந்தது. அவருடைய நல்ல நேரம், சின்னக் கட்டி. மறுநாள் பேச்சு திரும்பியது, கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பேச்சு வந்ததும் என்னிடம் கேட்டது இதுதான்: "இப்பவே செத்திருந்தா என்ன எங்க பொதச்சிருப்பீங்க பாய்?"

அந்தக் கேள்வியை நான் அப்படியே ஹஜ்ரத்திடம் கொண்டுபோனேன். ஹஜ்ரத் ஜப்பாரை ஆஸ்பத்திரிக்கே வரவழைத்தார். அதட்டவில்லை. கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"கலிமா சொன்ன அந்த நிமிஷமே இவரு முஸ்லிம். அதுக்கு இது நிபந்தனை இல்ல. எங்க மத்ஹபுல இது வலியுறுத்திச் சொன்ன சுன்னத்து. உங்க மத்ஹபுல கடமை. உங்க மத்ஹப நான் மறுக்கல தம்பி. ஆனா உசுருக்கு ஆபத்துன்னு வைத்தியர் சொல்லிட்டா, உங்க மத்ஹபுலயும் அந்தக் கடமை எறங்கிப்போயிடுது. உங்க ஊரு ஆலிமையே கேட்டுப் பாருங்க. உசுர காப்பாத்திக்கிறது இருக்கே, அது ரெண்டு பேருக்கும் கடமை."

ஜப்பார் நிஜமாகவே தன் ஊர் மார்க்க அறிஞரான ஆலிமைக் கேட்டார். அவரும் அதையே சொன்னார். நிக்காஹ் நடந்தது. ஜப்பார் பெண்ணுக்குப் பொறுப்பாளராக வந்து உட்கார்ந்தார், கையைக் கொடுத்தார், சோறும் சாப்பிட்டார். மனசு மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் டைம் கீப்பர்தான்.

இப்ராஹீம் பாய் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெருநாளைக்கு முதல் ஆளாக ஜப்பார் வீட்டுக்குத்தான் போவார். ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து சொன்னார்: "இத நான் மறைக்கல பாய். நான் போயிட்டா நீங்களும் மறைக்காதீங்க. என்ன மாதிரி இன்னொருத்தன் கூச்சப்பட்டுக்கினு மாத்திரைய நிறுத்திடுவான்." இதை நான் எழுதுவது அந்த வார்த்தைக்காக. நூர்ஜஹானிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்கண்ணே" என்றார்.

போன் வந்த அன்றைக்கு மதியம் மய்யித்தைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். முகையூரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவன் அத செஞ்சிக்கலன்னு தெரியும்ங்க. உங்க எடத்துல படுக்க வெப்பீங்களா? ஏதாவது பேஜாருன்னா சொல்லிடுங்க, நாங்க எடுத்துக்கினு போயிடறோம்" என்றார். எனக்குத் தலை குனிந்துவிட்டது. தெரு வழி விடாத ஊரிலிருந்து வந்தவர், இங்கேயும் தம்பிக்கு வழி உண்டா என்று கேட்கிறார். "அவருக்கு இல்லாத எடம் எங்களுக்கும் இல்லைங்க" என்றேன்.

குளிப்பாட்டும் இடத்தில் திரை கட்டினோம். இடுப்பிலிருந்து முழங்கால் வரை துணி மூடியே இருக்கும். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு அதன் அடியில்தான் கழுவுவோம். யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஜப்பார் தண்ணீர் ஊற்ற நின்றார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றார். பிறகு மெல்லிய குரலில், "பாய், இனிமே ரத்தம் வராதே. ஆபத்தும் இல்ல. இப்பவாவது அத செஞ்சிட்டா என்ன? கொறையில்லாம போவாரே" என்றார்.

அவரை அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. திரைக்கு வெளியே நின்ற ஹஜ்ரத்துக்கு அது கேட்டுவிட்டது. "வேணாம் தம்பி. மய்யித்து மேல கத்தி வெக்கக் கூடாது. உசுரோட இருக்கும்போதே அவருமேலருந்து எறங்கிப்போன கடமை. கொறைன்னு ஒண்ணு பாக்கி இல்ல" என்றார்.

அப்போதுதான் ஜப்பாரின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் இத்தனை வருஷம் வீம்பு என்று நினைத்தது வீம்பு மட்டும் இல்லை. இவர் நாளைக்கு அல்லாஹ்விடம் கணக்குச் சொல்லும்போது மாட்டிக்கொள்வாரோ என்ற பயமும் அதில் இருந்திருக்கிறது. அதை அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. "ஊத்துங்க" என்றேன். ஊற்றினார். நெஞ்சின் மேல் தண்ணீர் விழும் இடத்தில் என் கை சற்று நேரம் நின்றது. அந்த டிக் டிக் இல்லை. எத்தனையோ பேரைக் குளிப்பாட்டியிருக்கிறேன், ஒருவருடைய மௌனம் அப்படி உறைத்ததில்லை.

ஜனாஸா தொழுகையில் அண்ணன் ஓரமாக நின்று பார்த்தார். கபர்ஸ்தானில் குழிக்குள் இறங்கி மய்யித்தை வாங்க ஆள் வேண்டும். ரத்த உறவில் முஸ்லிம் யாரும் இல்லை. நான் கைலியை மடித்துக் கட்டினேன். அதற்குள் ஜப்பார் செருப்பை உதறிவிட்டு இறங்கினார். "நீங்க மேலருந்து குடுங்க. எம் மச்சான நான் வாங்கிக்கிறேன்" என்றார். பிறகு, இரண்டு கையிலும் அவரைத் தாங்கியபடி, குழியில் இறக்கும்போது நாங்கள் சொல்லும் அந்த வார்த்தையை மேலே நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி அரபியில் சொன்னார்: "அல்லாஹ்வின் பெயரால், அவனுடைய தூதரின் மார்க்கத்தின் மீது."

அண்ணன் என்னிடம், "என்ன சொல்றாருங்க?" என்று கேட்டார். சொன்னேன். கேட்டுவிட்டு அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மண் போட வரிசையில் வந்து நின்றார்.

எங்கே புதைப்பீர்கள் என்று கேட்டீர்களே இப்ராஹீம் பாய், இங்கேதான். போய் வாருங்கள்.