பூங்காவில் கன்னடம்

என் அம்மா கோலார் பக்கத்துப் பெண். அப்பா லாரி ஓட்டிப் போன இடத்தில் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். திருவண்ணாமலையில் எங்கள் தெருவில் கன்னடம் பேசியவள் அவள் ஒருத்திதான். அப்பாவுக்கு அதில் நாலு வார்த்தை தெரியும்; அவரும் மாதத்தில் பாதி நாள் லாரியோடு போய்விடுவார். என்னிடம் அம்மா கன்னடத்தில் பேசுவாள். நான் தமிழில் பதில் சொல்வேன்.

எழுபதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. நகராட்சிப் பூங்காவில் ஒரு சின்ன அறைக்குள் ரேடியோப் பெட்டியும், வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கியும் இருந்தன. சாயங்காலம் சினிமாப் பாட்டுக்குக் கூட்டம் சேரும். அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பெங்களூர் நிலையத்தை வைக்க முடியுமா என்று அம்மா ரேடியோக்காரரிடம் தட்டுத்தடுமாறிக் கேட்டாள். வியாழக்கிழமைகளில் பத்து நிமிஷம் தருவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

மூன்று வியாழன்கள் அம்மா தலைவாரிப் பூ வைத்து, உறவுக்காரர் வீட்டுக்குப் போவதுபோலக் கிளம்பினாள். இரைச்சலுக்கு நடுவே யாரோ ராகி விலையோ மழை நிலவரமோ சொல்ல, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டாள். எனக்குக் கொட்டாவி வரும்.

நாலாவது வியாழன் பள்ளி விடுமுறை. கூட்டம் முன்கூட்டியே வந்துவிட்டது. என் வகுப்புப் பெண்களும் இருந்ததால் நான் அவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டேன். கன்னடம் ஒலித்ததும் ஒருவர் எழுந்தார்.

"இது யாருக்குங்க? இங்க யாருக்குப் புரியுது?"

அம்மாவுக்கு அத்தனை பேர் முன்னால் தமிழ் வாயில் வராது. அவள் என்னைப் பார்த்தாள். ரேடியோக்காரரும் ஜன்னல் வழியாக என்னிடம்தான் கேட்டார்.

"என்னா பாப்பா, உங்களுக்காகத்தான வச்சேன்? நீயே சொல்லு."

தோழிகள் என் முகத்தையே பார்த்தார்கள்.

"எங்க வீட்ல தமிழ்தான் பேசுவோம்" என்றேன்.

ரேடியோக்காரர் குமிழைத் திருகினார். பாட்டு வந்தது.

திரும்பும் வழியில் அம்மா திட்டவில்லை. வேகவைத்த கடலைக்காய் வாங்கிக் கொடுத்தாள். மறுநாள் காலையில் முதல்முறையாக என்னைத் தமிழில் எழுப்பினாள்.

"எந்திரி பாப்பா. டைம் ஆச்சு."

அதன்பின் அவள் என்னிடம் கன்னடம் பேசவேயில்லை. பூங்காவுக்கும் வரவில்லை. அம்மா ஒருவழியாகத் தமிழ் கற்றுக்கொண்டாள் என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அந்த ஊரில் தன் பாஷையில் பேச அவளுக்கு இருந்தது நான் ஒருத்திதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.