பூண்டுக் குடோன் கதவு

போன வாரம் பூண்டு வாங்கக் கொடைக்கானல் பஜாருக்குப் போனேன். வழக்கமாக வாங்கும் கடையில், கல்லாவில் ரஹீம் பாய் இல்லை. அவர் மனைவி பாத்திமா உட்கார்ந்திருந்தார். பாய் எங்கே? டயாலிசிஸுக்காக மலையிறங்கித் திண்டுக்கல் போயிருக்கிறாராம்.

பாய்க்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கல் இல்லை. வெற்றிலைகூடப் போடாத மனிதர். பிறகு எப்படி இரண்டு கிட்னியும் பழுதாகும்? டாக்டர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். கடைசியில், காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா மட்டும், என்ன தொழில் என்று கேட்டிருக்கிறார். பூண்டு வியாபாரம். குடோனில் எலி உண்டா? பாய் சிரித்திருக்கிறார் — குடோன் என்று இருந்தால் எலி இல்லாமலா?

கூக்கால் கிராமத்திலிருந்து புதுப் பூண்டு வந்து இறங்குவதற்கு முன்னால், வருஷா வருஷம் பாய்தான் குடோனைக் கூட்டுவார். ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு! மூடுபனி உள்ளே புகுந்தால் ஈரம் ஏறிப் பூண்டு முளைவிட்டுவிடும். தண்ணீர் தெளிப்பதும் கூடாது. காய்ந்த எலிப் புழுக்கைத் தூசி முழுக்க அவர் மூக்கில்தான். ஒரு வருஷம், கூட்டி முடித்த சில வாரங்களில் கடும் காய்ச்சல், இடுப்பு வலி... சிறுநீரும் சரியாகப் போகவில்லை. குளிர்க்காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்தார். எழுந்தார். மறந்தார்.

அந்தத் தூசியோடு உள்ளே போகிற வைரஸ் ஒன்று உண்டாம். கிட்னியைத் தாக்குமாம். ஆனால் பாய்க்கு வந்தது அதுதானா என்று இத்தனை வருஷம் கழித்து அடித்துச் சொல்ல முடியாது என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். இனிமேலாவது ஜன்னலைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடையுங்கள் என்றாராம். இனிமேலாவது... இதை முன்பே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

பாத்திமா பூண்டை நிறுத்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"உள்ள அவுக கூட்டுவாக. காத்துக்குத் தெறந்துக்கிரும்னு, வெளிய நின்னு கதவ இழுத்துப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தான் சார். மூச்சு முட்டுது, தெறன்னு கேப்பாக. வெரசா முடிங்கன்னு சொல்லுவேன்."

எனக்கு மனசே சரியில்லை. அதுதான் காரணம் என்று டாக்டரே சொல்லவில்லையே அம்மா, என்றேன்.

"அது இல்லைன்னும் சொல்லலையே சார்."

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டு டாக்டர்கள் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடலாம். வீட்டில் யாரோ ஒருவர் அந்தக் காரணமாகிவிடுகிறார்.